தங்கவயலை உருவாக்கியது யார்?

மாரிகுப்பம் ரயிலடி:
கோலார் தங்கவயல் என்றாலே 'குட்டி இங்கிலாந்து' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம். அந்த மின்சாரம் வந்ததே சுரங்க இயந்திரங்களை ஓட்டத்தான். தொழிலாளி குடியிருந்தது மூங்கில் தட்டி அடைத்த குடிசையில். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஆதிதிராவிடக் குடும்பங்களை விட்டுவிட்டு இந்த ஊருக்கு என்ன வரலாறு?

கருங்கல்:
உழைப்பை யார் மறுத்தது? ஆனால் 1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்து முதல் போட்டிருக்காவிட்டால் அந்தக் குடும்பங்கள் பண்ணையாளாகவே காலம் தள்ளியிருக்கும். கையில் காசாகக் கூலி கிடைத்தது இங்கேதான். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாரிகுப்பம் ரயிலடி:
எழுதலாம். அந்தக் காசை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். சாதியை எதிர்த்து பௌத்தத்தை முன்வைத்த அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு, தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளை நடத்தினார்கள். அவருடைய எழுத்துகளை மறுபடி அச்சில் கொண்டுவந்தது இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. சுரங்கத்தில் வேலை முடித்து வந்தவர்கள் உட்கார்ந்து வாசித்த ஊர் ஐயா இது! கம்பெனியோ இவர்களிடம் கைரேகை கேட்டது. 1930இல் அதை எதிர்த்துத்தான் வேலைநிறுத்தம் நடந்தது.

ஷிஃப்ட் சங்கு:
கீழே இறங்கியவர்களைப் பற்றியும் பேசுங்கள். இங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும், குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலையே நடக்கும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். அதில் தப்பித்தவர்களையும் கல் தூசி விடவில்லை, நுரையீரலைத் தின்றது.

கருங்கல்:
அதனால்தான் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியது சரி என்கிறேன். ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்த இடம், கடைசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்த அரசு நடத்தினாலும் நஷ்டம்தான்.

மாரிகுப்பம் ரயிலடி:
மூடியதை விடுங்கள், மூடிய விதத்தைச் சொல்லுங்கள். 1956இல் அரசு கைக்கு வந்த சுரங்கம் இது. கம்பெனிக்காரன் போய்விட்டான் என்று கைகழுவ முடியாது. வேலைக்கு இன்றைக்கும் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குப் போகிறார்கள். காற்றடித்தால், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவான சயனைடு மேட்டுத் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வருகிறது. முதலில் அந்த மேட்டுக்கு வழி பண்ணட்டும், நஷ்டக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.