அரிவாள் செல் சோகை: இரும்பு டானிக் கொடுக்கலாமா?

கேள்வி (கூடலூர்):
வணக்கம். எட்டு வயதாகும் என் அக்கா மகனுக்கு அரிவாள் செல் சோகை என்று பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. கண்கள் அடிக்கடி மஞ்சளாகின்றன. பனிக்காலத்தில் கை கால் வலியால் துடிக்கிறான். வீட்டுப் பெரியவர்கள் இதைக் காமாலை என்று கருதிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். மருத்துவர் போலிக் அமில மாத்திரையும் ஹைட்ராக்சியூரியாவும் மட்டுமே எழுதினார். இரத்தம் குறைவாக இருப்பதால் இரும்புச்சத்து டானிக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில் (குன்னூர், ஆய்வகப் பணியில் இருந்தவன்):
வேண்டாம். இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இந்நோயில் அரிவாள்போல் வளைந்து விறைக்கும் அணு 10 முதல் 20 நாளுக்குள் சிதைந்துவிடும். சிதைந்த அணுவிலிருக்கும் இரும்பு உடலை விட்டு வெளியேறுவதில்லை, புதிய அணுக்களுக்கே திரும்பப் பயன்படுகிறது. ஆகவே பரிசோதனையில் இரும்புக் குறைபாடு தெரிந்தாலொழிய டானிக் தேவையில்லை. ஓயாமல் புதிய அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சைக்குப் போலிக் அமிலமே கூடுதலாகத் தேவைப்படுகிறது. கண்ணில் தெரியும் மஞ்சளும் பெரும்பாலும் அணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியால் வருவதுதான். கீழாநெல்லியால் அந்தச் சிதைவு நிற்காது.

பதில் (கோத்தகிரி, இதே நோயுள்ள பிள்ளையின் தாய்):
குளிரும் நீர்க்குறைவும்தான் வலியைத் தூண்டுகின்றன. குளிரில் தாகம் எடுக்காததால் பிள்ளைகள் தண்ணீரை மறந்துவிடுவார்கள். நாம்தான் வெதுவெதுப்பாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், ஏனெனில் இந்நோயால் மண்ணீரல் பழுதடைந்த பிள்ளைக்குத் தொற்று விரைவில் உயிருக்கே ஆபத்தாகும். திடீரென்று வெளிறி, இடது வயிறு வீங்கினாலும், மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள், நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அக்காவிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அக்காவுக்கும் மாமாவுக்கும் எந்த நோயும் இல்லையே, அவனுக்கு மட்டும் எப்படி வந்தது? அவனுக்கு ஒரு தங்கையும் இருக்கிறாள்.

பதில் (குன்னூர்):
இருவரும் நோயற்ற கடத்திகளாக, அதாவது இந்நோயின் மரபணு ஒன்றை மட்டும் உடையவர்களாக இருப்பார்கள். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நோய் வர 25 விழுக்காடும், குழந்தை கடத்தியாக இருக்க 50 விழுக்காடும் வாய்ப்புண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. மலேரியா பரவிய இடங்களில் கடத்திகள் அந்நோய்க்கு ஓரளவு தப்பியதால் அது நிலைத்தது என்பார்கள். பழியோ சாபமோ இதில் ஏதும் இல்லை என்பதைப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். தங்கைக்கு, அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கரைதிறன் சோதனை போதாது, அது கடத்தியையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.