ஆக்ஸன்ஃப்ரீ: முடித்த பிறகும் கதை பழைய இடத்துக்கே போகிறது, உதவுங்கள்

மண்டபம்_இரவு:
வணக்கம். ஆக்ஸன்ஃப்ரீ என்ற கதை விளையாட்டை மொபைலில் விளையாடி முடித்தேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதற்கு மேல் படிக்காதீர்கள்.

கடைசியில் கதாநாயகி அலெக்ஸும் நண்பர்களும் எட்வர்ட்ஸ் தீவிலிருந்து படகில் ஊர் திரும்புகிறார்கள். யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று அலெக்ஸ் சொல்லிக்கொண்டே வருகிறாள். திடீரென்று திரையில் கோடு விழுகிறது. உடனே, புதிதாக வந்த சகோதரன் ஜோனஸோடு எட்வர்ட்ஸ் தீவுக்குப் போகப்போவதாக, முதல்முறை போகிறவள் போலவே பேசுகிறாள். கேம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மூன்று இரவு உட்கார்ந்து முடித்தால் அதே கோடு, அதே பேச்சு. இது பிழையா? இல்லையென்றால் இந்தச் சுழலிலிருந்து அவளை வெளியே கொண்டுவர வழி உண்டா?

உப்பளம்77:
பிழை இல்லை தம்பி. கதையே அப்படித்தான். இனிமேல் தயவுசெய்து அழிக்காதீர்கள், சேவ் போனால் எல்லாம் போச்சு. ஒருமுறை முடித்த பிறகு முகப்பில் 'கன்டினியூ டைம்லைன்' என்று வரும். புது ஆட்டம் தொடங்காமல் அதைத் தொடுங்கள். இரண்டாவது சுற்றில், இதெல்லாம் முன்பே நடந்த மாதிரி இருக்கிறதே என்று அலெக்ஸுக்கே தோன்ற ஆரம்பிக்கும். முடிவுக்குப் பக்கத்தில், தீவுக்குக் கிளம்பாத பழைய அலெக்ஸிடம் வானொலி வழியாகப் பேச ஒரு வாய்ப்பு வரும். போகாதே என்று அங்கேதான் சொல்ல வேண்டும். பேச்சுக் குமிழ் மறைவதற்குள் விரலை வையுங்கள். தவறவிட்டால் கேம் அதை மௌனமாக எடுத்துக்கொள்ளும், மௌனமும் அங்கே ஒரு பதில்தான்.

கீழக்கரை_வாசகி:
வழியை அண்ணன் சொல்லிவிட்டார். ஏன் சுழல்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடும்போது, ஒளிந்திருப்பவர்கள் எல்லோரும் பயமில்லாமல் வெளியே வரலாம் என்று கூவும் கூவலின் கடைசித் துண்டுதான் இந்தத் தலைப்பு. இப்போது கதையில் வரும் கனலோவா என்ற நீர்மூழ்கிக் கப்பலை யோசியுங்கள். 1943இல் அந்த நீர்மூழ்கியைச் சுட்டது சொந்த நாட்டுக் கப்பல். வானொலியில் வந்த செய்தியை, தீவில் வானொலிப் பணியில் இருந்த மேகி ஆட்லர் தப்பாகப் புரிந்துகொண்டதில் வந்த வினை. உள்ளே இருந்தவர்கள் சாகவும் இல்லை, வாழவும் இல்லை, நடுவில் மாட்டிக்கொண்டார்கள். வெளியே வர ஓர் உடம்பு வேண்டும் என்றுதான் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். தூக்குக்கயிறு படம் போட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஆட்டத்தை ஆடவைப்பதும் அவர்கள்தான். ஒளிந்தவர்களை வாங்க என்று கூப்பிட ஒருவரும் இல்லை. கூவல் வராதவரை ஆட்டம் முடியாது, அதனால்தான் சுழல்கிறது. கனலோவா என்பது ஹவாய் மக்களின் கடல் தெய்வத்தின் பெயர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பாம்பன்_பழையவன்:
தங்கச்சி சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வானொலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் அப்பா பொழுது சாய்ந்ததும் ரேடியோவைத் திண்ணைக்குக் கொண்டுவருவார். கட்டைவிரலால் குமிழை மயிரிழை அளவுக்கு நகர்த்துவார், முள் நகர்வதுகூடத் தெரியாது. இரைச்சலுக்குள்ளிருந்து இலங்கைக் குரல் மெல்ல எழும்பி வரும். இரவில் மத்திய அலை வெகுதூரம் போகும். பகலில் அதை விழுங்கும் வான அடுக்கு இருட்டியதும் மறைந்துவிடும், அலை மேலே போய்த் திரும்பி வரும். அலெக்ஸ் கையில் இருப்பது சின்ன எஃப்.எம். பெட்டி, அறிவியல் வேறு. ஆனால் முள்ளை மெதுவாக நகர்த்திக்கொண்டு, இரைச்சலில் ஒரு குரல் பிடிபடுமா என்று காதை வைத்துக் காத்திருக்கும் அந்த நேரத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த மாதிரி பேச்சு வந்தால் யாராவது தனுஷ்கோடியை இழுத்துவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அலை கொண்டுபோன ரயிலில் இருந்தவர்கள் நம் சனம். அவர்களைப் பேய்க்கதைக்குள் கொண்டுவராதீர்கள்.

மண்டபம்_இரவு:
அண்ணே, சத்தியமாக அந்த எண்ணம் இல்லை. என் ஆச்சி அந்த ராத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே குரல் இறங்கிவிடும்.

சேவ் இருந்தது! நீங்கள் சொன்னபடி டைம்லைனைத் தொடர்ந்து நேற்று முடித்தேன். வானொலியில் பழைய அலெக்ஸ் கிடைத்தபோது கை நடுங்கியது, குமிழ் மறையப்போகிற நேரத்தில் தொட்டுவிட்டேன். தீவுக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் போகவில்லை.

வாசகி அக்கா, உங்கள் கணக்குப்படி ஒரு சந்தேகம். அலெக்ஸைக் கூப்பிட்டு வெளியே விட்டாச்சு, சரி. கனலோவாக்காரர்களை யார் கூப்பிடுவது?

கீழக்கரை_வாசகி:
அங்கேதான் நானும் நிற்கிறேன். பிள்ளைகள் தீவுக்கே வரவில்லை என்றால் அவர்கள் குரலைக் கேட்கவும் ஆள் இல்லை. 2023இல் வந்த இரண்டாம் பாகம் கமீனா என்ற ஊரில் நடக்கிறது, ரைலி என்பவள்தான் கதாநாயகி. அதை விளையாடிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

மண்டபம்_இரவு:
இன்றிரவே ஏற்றுகிறேன். முடித்தவர்கள் யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.