மறு: செறிவூட்டல் சரி, மிச்சத்துக்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம். யுரேனியத்தில் அணுவுலைக்கு வேண்டிய பகுதியை மிகச்செய்யும் வேலையை (enrichment) 'செறிவூட்டல்' என்பது சரியா, அதில் எஞ்சும் மிச்சத்துக்கு (depleted uranium) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே கேள்வி வந்தது.

'செறிவூட்டல்' என்ற சொல்லில் கை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. எதையும் ஊட்டாத வேலைக்கு 'ஊட்டல்' எதற்கு என்று கேட்டது நியாயம்தான். செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்தை உண்மையிலேயே சேர்க்கிறார்கள். யுரேனியத்தில் எதுவும் சேர்வதில்லை, பிரிப்பது மட்டுமே. ஆனாலும் நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட சொல், இருந்துவிட்டுப் போகட்டும்.

சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. உலையில் எளிதில் பிளந்து ஆற்றல் தரும் யுரேனியம்-235, இயற்கை யுரேனியத்தில் வெறும் 0.711 சதவீதம். மீதி ஏறக்குறைய எல்லாமே சற்றுக் கனமான யுரேனியம்-238. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளுக்கு அது போதும், கூடங்குளத்தின் சாதாரண நீர் உலைகளுக்குப் போதாது. எனவே யுரேனியத்தை ஹெக்சாஃபுளோரைடு என்னும் சேர்மமாக மாற்றி, வாயுவாக்கி மையவிலக்குக் கலன்களில் சுழற்றுகிறார்கள். கனமான 238 சுவரோரம் ஒதுங்க, நடுவில் 235 இம்மியளவு மிகுகிறது. ஒரு கலனில் கிடைக்கும் வேறுபாடு அற்பம் என்பதால் கலன்களைத் தொடராகக் கோத்துவிடுகிறார்கள். 9 கிலோ இயற்கை யுரேனியம் உள்ளே போனால், 235 4 சதவீதம் உள்ள சரக்கு 1 கிலோவும் 0.3 சதவீதம் உள்ள மிச்சம் 8 கிலோவும் வெளியே வரும். அந்த 8 கிலோவுக்குத்தான் பெயர் தேடுகிறோம். இதுவரை நீங்கள் முன்வைத்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> செறிவு குறைந்த யுரேனியம்

கூடவே கூடாது. 20 சதவீதத்துக்குக் கீழே செறிவூட்டியதைக் 'குறைசெறிவு யுரேனியம்' என்கிறோம். அணுமின் உலை எரிபொருளும் இந்த மிச்சமும் ஒன்றென்று வாசகர் நினைத்துவிடுவார்.

> கழிவு யுரேனியம்

உலையில் எரிந்து முடிந்த எரிபொருளோடு குழம்பும். இந்த மிச்சம் உலையின் வாசலையே மிதித்ததில்லை.

> சக்கை யுரேனியம்

எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஈழத்து வழக்கில் சக்கை என்றால் வெடிமருந்து. டாங்கிகளைத் துளைக்கும் குண்டுகளுக்கு இதே உலோகம் பயன்படுவதால் விபரீதமான பொருள் வந்துவிடும்.

என் பரிந்துரை 'வற்றிய யுரேனியம்'. குளம் வற்றினாலும் அடியில் கொஞ்சம் நீர் கிடப்பதுபோல இதிலும் 235 முழுதாகப் போய்விடுவதில்லை. எவ்வளவு மிச்சம் விடுவது என்பது ஆலை எடுக்கும் முடிவு. யுரேனியம் விலை ஏறினால் 0.2 சதவீதம் வரை வற்றவிடலாம். அப்போது அதே 1 கிலோ சரக்குக்கு 9 கிலோவுக்குப் பதில் ஏறக்குறைய 7.5 கிலோ போதும், பிரிக்கும் வேலைதான் கால்பங்கு கூடும். மிச்சத்தில் விடும் இந்த 235 சதவீதத்துக்கும் இதுவரை நம்மிடம் சொல் இல்லை. 'வற்றளவு' என்று வைத்துக்கொள்ளலாமா? மிச்சத்துக்கு 'வறிய யுரேனியம்' என்ற பெயரைச் சொன்னவர்கள் அதிலிருந்து இதற்கொரு சொல் பிறக்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.