புதுப்பிப்பு: அப்பாவின் ரத்தத்தில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு

போன வாரம் கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 96 சதவீதம் காட்டுகிறது, ஆனாலும் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், காலையில் தலைவலி, ஏன் என்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னவர்களுக்கு முதலில் நன்றி.

அன்று இரவே சேர்த்துவிட்டோம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை அளக்கும் ஏபிஜி டெஸ்ட் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடு 72. சாதாரணமாக 35 முதல் 45 வரைதான் இருக்கும். பிஎச் 7.26, அதாவது ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறியிருந்தது. ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும். உள்ளே தேங்குவது அதில் தெரியவே தெரியாது.

மூச்சு வாங்குகிறாரே என்று வீட்டு ஆக்சிஜனை 2 லிட்டரிலிருந்து 4க்குக் கூட்டியது நான்தான். சிஓபிடி உள்ள சிலருக்கு அதிக ஆக்சிஜனே கார்பன் டை ஆக்சைடை ஏற்றிவிடுமாம். அப்பாவுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 போதும் என்றார் டாக்டர். 96ஐப் பார்த்து நிம்மதியாக இருந்தேனே, நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

மூச்சுக்கு உதவியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் பைபாப் மெஷினின் மாஸ்க்கை அப்பா முதலில் பிடுங்கி எறியப் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கார்பன் டை ஆக்சைடு தேங்கியதால், கையை நீட்டச் சொன்னால் விரித்த உள்ளங்கை படபடவென்று அடித்துக்கொண்டது. விடியும்போது அது நின்றிருந்தது. கண்ணைத் திறந்து, "காபி கிடைக்குமாம்மா?" என்றார்.

இன்று கார்பன் டை ஆக்சைடு 52. நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறார், இரவில் பைபாப் தொடர வேண்டும். மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டு சிவந்திருக்கிறது. புண்ணாகாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?