தனி ஊசல் சூத்திரத்துக்கு உண்மை மதிப்பு 0.99 என்று கொடுக்கலாமா?

ஊசல்_டீச்சர்:
பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். "அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததல்ல, ஆனால் கோணம் சிறியதாக இருக்க வேண்டும்" என்றேன். ஒரு மாணவி, "அப்படின்னா அது பொய்தானே மிஸ்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. 10 டிகிரி வரை இழுத்து விட்டால் சூத்திரம் அலைவு நேரத்தை 0.19 சதவீதம் குறைவாகக் காட்டும், 30இல் 1.7, 60இல் ஏறத்தாழ 7 சதவீதம். இதை மெய்/பொய் என்று இரண்டாக வெட்டாமல் 0.998, 0.983 என்று மதிப்புக் கொடுத்தால் என்ன?

கணக்கு_மாமா:
தாராளமாகக் கொடுக்கலாம் மேடம். 1965இல் ஸாதே என்ற அறிஞர் கொண்டுவந்த ஃபஸ்ஸி கணங்கள் (ஆம்/இல்லை என்று வெட்டாமல் 0 முதல் 1 வரை மதிப்புத் தருபவை) இதே வழிதான். இரண்டு கூற்றுகளை 'மற்றும்' போட்டு இணைத்தால் எது சிறியதோ அதுதான் மதிப்பு.

தர்க்கம்_பழகு:
அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 0.99 மதிப்புள்ள நூறு தோராயங்களை அடுக்கினாலும் ஸாதே முறையில் விடை 0.99தான். ஆய்வகத்தில் பிழை அப்படியா நடந்துகொள்கிறது? சேர்ந்துகொண்டே போகும்! 1920இல் மூன்று மதிப்புத் தர்க்கம் அமைத்தவர் போலந்தின் வூகாசியேவிச். அவர் பெயரால் வழங்கும் தர்க்கத்தின் வலுவான 'மற்றும்' வேறு மாதிரி: இரண்டையும் கூட்டி 1ஐக் கழி, பூச்சியத்துக்குக் கீழே போகாதே. 0.99உம் 0.99உம் சேர்ந்தால் 0.98. குறைகள் கூடுகின்றன. நூறு அடுக்கினால் பூச்சியம். தோராயத்துக்கு இதுதான் பொருந்தும்.

ஆனால் கோணத்தைச் சொல்லாமல் மதிப்பைச் சொல்லாதீர்கள். நியூட்டனின் ஈர்ப்பு விதி நிலவுக்குப் போய்வரப் போதும். புதன் சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம் மெல்ல நகர்வதில் (அண்மைநிலை நகர்வு) நூறாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) துண்டு விழும். ஒரே விதிக்கு ஒரே எண் எப்படி ஒட்டும்?

ஊசல்_டீச்சர்:
பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால்? 1 மீட்டர் ஊசலில், குண்டின் மையம் வரை அளக்காமல் அடிவரை அளப்பார்கள். குண்டின் ஆரம் 1 செ.மீ. என்றால் கணக்கிட்ட நேரம் 0.5 சதவீதம் கூடிவிடும். 16 டிகிரியில் ஆட்டினால் சூத்திரம் அதே 0.5 சதவீதம் குறைத்துச் சொல்லும். விடை அச்சுப் பிசகாமல் வரும். உங்கள் கணக்கில் 0.995உம் 0.995உம் சேர்ந்து மதிப்பு 0.99!

தர்க்கம்_பழகு:
ஆமாம், அது மோசமான நிலைக்கான வரம்பு மட்டுமே. உண்மை மதிப்பில் கூடுதலா குறைவா என்ற குறி தொலைந்துவிடுகிறது. அந்த மாணவிக்கு +0.5, −0.5 என்று குறியோடு எழுதிக் காட்டுங்கள். "16 டிகிரி வரை பிழை 0.5 சதவீதத்தைத் தாண்டாது" என்ற கூற்று முழுக்க மெய், அதற்குப் பழைய இரண்டு மதிப்பே போதும்.