கண்டல் காவல் குழுவுக்குச் சுற்றுலாப் பயிற்சி: எதில் தொடங்குவது?

ஓடைமுகம்:
பாக் நீரிணைக் கரையோர ஊர். கண்டல் (அலையாத்தி) கன்று நட்டுக் காவல் காக்கும் குழுவில் 24 பேர். பாதிக்கு மேல் கையால் நண்டு பிடிக்கும் பெண்கள். இராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டில் ஊர்க்காரர்கள் நடத்தும் கண்டல் படகுச் சவாரியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நாமும் படகு விடலாம் என்கிறார்கள். ஓடை 1,600 மீட்டர் நீளம். பனிக்காலத்தில் முகத்துவாரத்தில் பூநாரை இறங்கும், அதற்கு வெளியே கடற்புல் படுகை. பயிற்சியில் என்னென்ன வைக்கலாம்? நாளைக்கு எத்தனை பேரை ஏற்றலாம்?

சேற்றுவரப்பு:
பெரும்பாலான பயிற்சிகள் வழிகாட்டிப் பேச்சில் தொடங்கி, சான்றிதழ் கொடுத்து முடிந்துவிடுகின்றன. மரத்தின் அறிவியல் பெயரை மனப்பாடம் செய்தவருக்குப் படகை எங்கே நிறுத்துவதென்று தெரியாது. முதலில் எண்ணிக் கணக்குப் போடப் பழக்குங்கள், அடுத்து பயணி கேட்பதை மறுக்க. பேச்சு கடைசியில் தானாக வரும்.

கணக்கைக் குழுவே தரையில் கோடு போட்டுச் செய்யட்டும். போகிற படகும் வருகிற படகும் ஒரே ஓடையில் என்பதால் 400 மீட்டருக்கு ஒரு படகு: ஒரே நேரத்தில் 4. நாளைக்கு 4 மணி நேரம், ஒரு சுற்று ஒரு மணி என்றால் 16 நடை. இது வெறும் இடக்கணக்கு. வாடையில் 3 மாதம் ஓடாது, 0.75. தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரத்துக்கு 0.5. மிஞ்சுவது 6 நடை. நடைக்கு 6 பேர் என்றால் 36. அந்த எண்ணைப் படகுத்துறைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது பறவை. முதல் பயணி வருவதற்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். எஞ்சினை அணைத்து, மரக்கோல் ஊன்றி மெல்ல நெருங்குங்கள். மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கும் தூரம் ஒன்று, எழும்பிப் பறக்கும் தூரம் இன்னொன்று, இரண்டையும் குறியுங்கள். வெவ்வேறு நாட்களில் 30 தடவையாவது பார்த்தபின், தலை தூக்கியதில் எது அதிகத் தூரமோ அங்கே மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். வழக்கமான தப்பு, பறக்கும் தூரத்தை எல்லையாக வைப்பது. அதற்குள் பறவை இரை எடுப்பதை நிறுத்திவிட்டிருக்கும். ‘பறக்கலையே, அப்புறம் என்ன?’ என்ற வாதம் இங்கே செல்லாது.

மறுக்கப் பழக்குவதற்கு நடித்துப் பார்ப்பதுதான் வழி. ஒருவர் பயணி: “இன்னும் கொஞ்சம் கிட்ட விடுங்கண்ணே, நூறு ரூபா சேர்த்துத் தர்றேன்.” படகோட்டி பதில் சொல்ல வேண்டும். டிக்கெட் கரையிலேயே விற்று, அன்பளிப்பெல்லாம் பொதுப்பெட்டிக்குப் போனால்தான் அந்தப் பதில் நிலைக்கும்.

தாழைப்பாசி:
கணக்கில் ஒரு இடம் இடறுகிறது. மூடும் மாதங்களைச் சராசரியில் கரைக்கக் கூடாது. வாடை அடித்துக் கடல் கெட்டால் 0, அவ்வளவுதான். பூநாரை இருக்கும் மாதங்களில் முகத்துவாரத்தின் 400 மீட்டரை மூடுங்கள். மீதி 1,200 மீட்டரில் 3 படகு. 12 நடை, தண்ணீர்க் கணக்குப் போக 6. மற்ற மாதங்களில் 8. வழிகாட்டிகள் 3 பேர், ஆளுக்கு 2 நடை என்றால் அங்கேயும் 6தான். பின்னால் ஆளைக் கூட்டினாலும் பனிக்கால 6 உயராது.

தண்ணீர் நேரத்தை ஓத அட்டவணையை நம்பிக் குறிக்காதீர்கள். பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு; காற்றே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஓடை வாயில் அளவுகோல் நட்டுத் தினமும் படியுங்கள்.

கடற்புல்லுக்கு மேல் எஞ்சின் ஓட்டுவதாக இருந்தால், பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். படகின் தடம் கலங்கலாக வந்தால் விசிறி தரையைக் கிளறுகிறது. புல்லின் தண்டு மண்ணுக்குள் படர்வது. அறுபட்ட தடம் மூட வருடக்கணக்காகும். நங்கூரம் வெறும் மணலில் மட்டும். கடல் அட்டையையோ கடற்குதிரையையோ எடுத்துக் கையில் கொடுத்துப் படம் பிடிக்க விடவே கூடாது. இரண்டும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மாட்டுவது படகோட்டிதான்.

ஓடைமுகம்:
நன்றி. பார்வைக் கோபுரம் ஒன்று வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

கரைக்கணக்கு:
கண்டல் நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் 1ஏ, அதாவது சூழல் ரீதியாக மிக நுட்பமான பகுதி. 2019 அறிவிக்கையின்படி கண்டல் நடைபாதை போன்றவைகூட, அங்கீகரிக்கப்பட்ட கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் சூழல் சுற்றுலாத் திட்டமாக இடம்பெற்றிருக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு கழிகூட ஊன்றாதீர்கள். எல்லை மூங்கிலுக்கும் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கோபுரத்தைவிட அவசரம் பணப்பங்கு. படகு வைத்திருப்பவரே எல்லாம் எடுத்தால், நண்டு பிடிக்கும் பெண்களுக்கு மிஞ்சுவது கலங்கிய ஓடையும் வேடிக்கை பார்க்கும் கூட்டமும்தான். அவர்கள் ஓடையில் இறங்கும் நேரத்தைக் கேட்டு, அப்போது படகே விடாதீர்கள். டிக்கெட், சாப்பாடு, பறவைப் பதிவேடு மூன்றுக்கும் முறைவைத்துக் கூலி போடுங்கள். தேக்கடியில் வயணா (காட்டு இலவங்கம்) மரப் பட்டை உரித்துக் கடத்தியவர்களே பின்னாளில் வழிகாட்டிகளாகவும் காட்டுக் காவலர்களாகவும் மாறியதற்கு, சுழற்சி முறையில் கைக்கு வந்த நிலையான வருமானம் பெரிய காரணம்.

உயிர்காப்பு அங்கியில் மூன்றில் ஒன்றாவது சிறுவர் அளவு வாங்குங்கள். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள்; காதுக்கு மேல் ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும்.

பயிற்சியை ஒரே மூச்சில் நடத்த வேண்டாம், தொழில் கெடும். வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் போதும். இரண்டு மாதம் கழித்து, ஊருக்குத் தெரியாத ஆள் ஒருவரைப் பயணியாக அனுப்பி, சிவப்புத் துணியைத் தாண்டச் சொல்லிக் காசு நீட்டிப் பாருங்கள். படகு தாண்டினால் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி நடத்துங்கள்.