மேக்ஸ்7219 டிஸ்ப்ளே சிப்பின் 70 டிகிரி வரம்பு: காற்றின் சூடா, சிப்பின் சூடா?

கேள்வி

வணக்கம். வெயிலில் நிற்கும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வைப்பதற்காக, எட்டு இலக்க எல்இடி எண்பலகை ஒன்றைச் செய்து வருகிறேன். அதை இயக்குவது மேக்ஸ்7219 சிஎன்ஜி என்ற 24 கால் டிப் வகைச் சிப் (கால்களைப் பலகைத் துளைகளில் செருகும் உறை). பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் 62 டிகிரி செல்சியஸ் இருந்தது. தயாரிப்பாளரின் தகவல் ஏடான டேட்டாஷீட்டிலோ இயங்கு வெப்பநிலை 70 வரை, ஜங்ஷன் வெப்பநிலை 150 வரை, சேமிப்பு வெப்பநிலை 160 வரை என்று மூன்று எண்கள் உள்ளன. 62 என்பது 70-க்குக் கீழே இருப்பதால் இப்படியே பொருத்திவிடலாமா? எல்இடி மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ஐசெட் காலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளது.

பதில் 1

வணக்கம் ஐயா. 70 என்பது சிப்பைச் சூழ்ந்த காற்றுக்கான வரம்பு. 150 என்பது உள்ளே இருக்கும் சிலிக்கனுக்கானது, அதைத்தான் ஜங்ஷன் என்கிறார்கள். 160 மின்சாரம் இல்லாமல் கிடக்கும் சிப்புக்கு மட்டுமே பொருந்தும். முதல் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டும்.

டேட்டாஷீட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 5.25 வோல்ட் மின்னழுத்தம், செக்மென்ட் (இலக்கத்தின் ஒரு கோடு அல்லது புள்ளி) ஒன்றுக்கு 40 மில்லி ஆம்பியர், எல்இடியில் 1.8 வோல்ட், முழு வெளிச்சம், எட்டு செக்மென்ட்டும் எரிகின்றன என்று கொண்டால் சிப் 1.11 வாட்டை வெப்பமாக்குகிறது. டிப் உறையில் வாட்டுக்கு 75 டிகிரி ஏறுவதால், காற்றைவிடச் சிலிக்கன் ஏறத்தாழ 83 டிகிரி கூடுதலாகச் சுடும். ஆகவே காற்று 66.7 டிகிரியைத் தொடும்போதே 150 வந்துவிடுகிறது. இதே கணக்கின்படி உங்கள் பெட்டியில் சிலிக்கன் 145 டிகிரி ஆகும். இதையே பலகையின் மேல் ஒட்டும் எஸ்ஓ உறையில் வாங்கியிருந்தால் காற்றின் வரம்பு ஏறத்தாழ 55.5 தான், அதை நீங்கள் ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். 150 என்பது மீறக் கூடாத உச்சம். அதை ஒட்டி நாள்தோறும் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் 2

மேலே சொன்னது சரி. 85 டிகிரி வரை உத்தரவாதம் உள்ள இஎன்ஜி வகையை வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அதே அளவு வெப்பத்தைத்தான் உண்டாக்கும் என்பதால் ஜங்ஷன் கணக்கு மாறாது. மின்னோட்டத்தைக் குறைப்பதே வழி. ஐசெட் ரெசிஸ்டரின் மிகக் குறைந்த மதிப்பு 9.53 கிலோ ஓம் என்பதால், நீங்கள் ஏறக்குறைய உச்சத்திலேயே ஓட்டுகிறீர்கள். 2 வோல்ட் எல்இடிக்கு 28 கிலோ ஓம் வைத்தால் செக்மென்ட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் கிடைக்கும். அதே கணக்கின்படி வெப்பம் ஏறத்தாழ 0.58 வாட்டாகவும், சிலிக்கன் 105 டிகிரியாகவும் இறங்கும்.

நிரலில் வெளிச்சத்தைக் குறைத்தாலும் வெப்பம் குறையும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: சிப் எப்படியோ டிஸ்ப்ளே டெஸ்ட் நிலைக்குப் போய்விட்டால், நீங்கள் எழுதிய அளவைப் புறக்கணித்து எல்லா எல்இடிகளையும் முழு வெளிச்சத்தில் எரிக்கும். ரெசிஸ்டர் இட்ட வரம்பு அப்போதும் நிற்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. என் எல்இடிகள் 2 வோல்ட் வகைதான். 28 கிலோ ஓம் மாற்றுகிறேன். வெயிலில் எண்கள் மங்கினால், குறைந்த மின்னோட்டத்தில் கூடுதலாக ஒளிரும் எல்இடிகளைத் தேடுவேன். பெட்டிக்கு மேல் ஒரு நிழல் தகடும் அமைத்து, கதவை மூடியபின் சிப்பை ஒட்டியுள்ள காற்றை மீண்டும் அளந்து இங்கே எழுதுகிறேன்.